துணிக்கு மென்மையாக்கி தேவையா?

ஈப்போ நகரில் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் சலவைப் பொருள்களுக்கென்று ஒரு நீண்ட வரிசை இருக்கும். ஒரு பக்கம் சலவைத் தூளும் சலவைத் திரவமும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை அடுத்து இளஞ்சிவப்பு, நீலம், ஊதா எனப் பல நிறங்களில் பெரிய புட்டிகள் நிற்கும். அவற்றின்மேல் மலாய் மொழியில் ‘பெலெம்புட் ஃபேப்ரிக்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். உடன் பூக்களின் படமோ உறங்கும் குழந்தையின் படமோ காணப்படும். தமிழில் இதனைத் துணி மென்மையாக்கி என்பர். கடையில் கேட்கும்போது பெரும்பாலோர் ‘சாஃப்ட்னர்’ என்றே கேட்பர்.

இந்தப் புட்டியை வாங்குவதா வேண்டாமா என்பதில் ஒரே வீட்டுக்குள் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி, “சவர்க்காரம் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்டால் போதாதா?” என்பார். மருமகளோ, “அதை ஊற்றாவிட்டால் துண்டெல்லாம் அட்டை மாதிரி விறைத்துப் போகிறது, அத்தை” என்பார். இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பேரனுக்குச் சட்டை மணமாக இருந்தால் போதும். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. யார் சொல்வது எந்தத் துணிக்குப் பொருந்தும் என்பதை அறிய, அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது, அது துணியில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பாட்டியின் காலத்துச் சலவையிலிருந்தே தொடங்கலாம். மலேசிய ரப்பரின் வரலாற்றில் பேராக் மாநிலத்திற்கு முக்கிய இடம் உண்டு. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நடச் செய்தார். பிற்காலத்தில் சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் முதலிய வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே லயங்களில் குடியிருந்து பால்மரம் சீவினர். ரப்பரைக் ‘கித்தா’ என்று அவர்கள் அழைத்தனர். ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது.

மரம் சீவுவோரின் உடையைத் துவைப்பது எளிய வேலையன்று. மரப்பால் சட்டையில் தெறித்து உலர்ந்துவிட்டால், அது துணி இழைகளுக்குள் ரப்பராகவே இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் போகாது. மங்கில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றமும் உடையில் ஏறிவிடும். அதனால் காட்டு வேலைக்கென்று ஓர் உடையும் வீட்டிற்கென்று வேறோர் உடையும் வைத்துக்கொள்வது வழக்கம். வேலை முடிந்து திரும்பியதும் பொதுக்குழாயடியிலோ ஆற்றங்கரையிலோ கட்டிச் சவர்க்காரம் தேய்த்து, கல்லில் அடித்துத் துவைத்தனர்.

வெள்ளைத் துணிகளுக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு இருந்தது. அலசிய துணியை நீலம் கலந்த நீரில் முக்கி எடுப்பர். வெள்ளைத் துணியில் படியும் மஞ்சள் சாயலை அந்த இலேசான நீலம் மறைத்துவிடும். பிறகு, சோறு வடித்த கஞ்சியில் நீர் கலந்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து உலர்த்துவர். காய்ந்ததும் நீர் தெளித்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பர். பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று நிற்கும். அன்று துணி விறைப்பாக இருப்பதுதான் சிறப்பாகக் கருதப்பட்டது. அதற்காகவே உழைப்பும் செலவிடப்பட்டது. மென்மைக்காகத் தனியே ஒரு பொருளை வாங்குவது பாட்டிக்கு வியப்பாக இருப்பதில் வியப்பில்லை.

கஞ்சி போடுவதில் அழகு மட்டுமல்லாமல் இன்னொரு பயனும் இருந்தது. கஞ்சியில் உள்ள மாவுப்பொருள் இழையின்மேல் மெல்லிய படலமாகப் படியும். வியர்வையும் அழுக்கும் இழையில் நேரடியாக ஒட்டாமல் அந்தப் படலத்தில் ஒட்டும். அடுத்த முறை துவைக்கும்போது படலமும் அழுக்கும் சேர்ந்தே நீங்கும். துணி மென்மையாக்கியும் அடிப்படையில் இத்தகைய ஒரு படலம்தான். கஞ்சி இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்க வைக்கிறது. மென்மையாக்கியோ இழைகளை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வைக்கிறது. இரண்டுமே துணியைச் சுத்தம் செய்வதில்லை. துவைத்த துணியின்மேல் வேண்டுமென்றே விட்டுவைக்கப்படும் பொருள்கள் அவை.

அந்தப் படலம் எப்படிப் படிகிறது? துணி மென்மையாக்கியின் பெரும்பகுதி தண்ணீரே. அதில் கலந்துள்ள முக்கிய வேதிப்பொருளின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தலையில் நைட்ரஜன் அணு இருக்கிறது; அது நேர்மின்னூட்டம் உடையது. வால் கொழுப்பினால் ஆனது. நீரில் நனைந்த பருத்தித் துணியின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். ஆகவே தலைகள் இழையைப் பற்றிக்கொள்ள, கொழுப்பு வால்கள் வெளிப்புறமாக நீட்டி நிற்கின்றன. இழைக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தது போன்ற நிலை இது. கையால் தடவும்போது மென்மையாக இருப்பதாக உணர்வது இந்தப் பூச்சைத்தான். இதோடு நறுமணப் பொருளும் நிறமியும் கெடாமல் காக்கும் பொருளும் சேர்க்கப்படுகின்றன.

சலவைத் தூளின் செய்கை வேறு. அதில் அழுக்கை நீக்கும் மூலக்கூறுகள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அழுக்கும் சரியாகப் போகாது, மென்மையும் வராது. துணியில் பிசுபிசுப்பான கறைதான் மிஞ்சும். மின்னூட்டத்தின் இந்தச் செய்கை ரப்பர்த் தோட்டத்திலும் தினமும் நடப்பதுதான். மரப்பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பால் நீர்மமாகவே இருக்கிறது. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அதன் நேர்மின் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று மோதித் திரண்டு பால் உறைகிறது. வேதியியல் பாடத்தில் இதனைப் படிக்கும் மாணவர்கள், சலவைத் தூளுடன் மென்மையாக்கியைக் கலக்கக் கூடாது என்பதன் காரணத்தையும் எளிதில் புரிந்துகொள்ளலாம். கடைசி அலசலின்போது மட்டுமே மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டும். சலவை இயந்திரத்தில் அதற்கெனத் தனிக் குழி இருப்பது இதற்காகத்தான்.

முதலில் இது வீட்டுக்காக உருவான பொருளன்று. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது அது சொரசொரப்பாகிவிடும். அதைச் சரிசெய்ய, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைகளில் எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த நீரில் துணியை நனைத்தனர். சலவை இயந்திரம் வீடுகளுக்குள் வந்த பிறகுதான் மென்மையாக்கியும் வீட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டுகளில் ‘டௌனி’ பரவலாக விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் 1969-இல் ‘கம்ஃபர்ட்’ அறிமுகமானது.

தொடக்கத்தில் அந்தக் கொழுப்பு வால் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பழைய வேதிப்பொருள் நீர்நிலைகளில் எளிதில் சிதையாமல் தங்கியது. அதனால் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டு, நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்கக்கூடிய ‘எஸ்டர்குவாட்’ என்னும் வகைக்கு மாறினர். எஸ்டர்குவாட் தயாரிக்க விலங்குக் கொழுப்பையும் பயன்படுத்தலாம்; செம்பனை எண்ணெயையும் பயன்படுத்தலாம்.

இங்கேதான் பேராக்கின் பழைய தோட்டங்கள் மீண்டும் கதைக்குள் வருகின்றன. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917-இல் சிலாங்கூரில் உள்ள தெனமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. ‘தென்னமரம்’ என்ற தமிழ்ச்சொல் அந்தப் பெயரில் ஒலிப்பதைக் கவனிக்கலாம். 1960-ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு ரப்பர் விலை நிலையில்லாமல் போகவே, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கு மாறின. பேராக்கிலும் ரப்பர்க் காடுகளாக இருந்த பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. வேறு சில இடங்கள் தாமான்களாகிவிட்டன. தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவிய நிலத்தில் விளையும் எண்ணெய், பதப்படுத்தப்பட்டுப் புட்டிக்குள் அடைக்கப்பட்டுப் பேரனின் சட்டைக்குத் திரும்பி வரக்கூடும். மாட்டுக்கொழுப்பைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள், தாவர எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது என்ற குறிப்பு புட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

இனி மருமகளின் குறைக்கு வரலாம். துவைத்துக் காயப்போட்ட துண்டு ஏன் விறைக்கிறது? இது பலகாலம் தெளிவாக விளங்காத ஒன்றாகவே இருந்தது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவ் நிறுவனமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. காவ் நிறுவனம் துணி மென்மையாக்கியை விற்கும் நிறுவனமும்கூட. துணி காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும், பருத்தி இழைகளின் மேற்பரப்பில் மிகச் சிறிதளவு நீர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர் பசைபோலச் செயல்பட்டு அடுத்தடுத்த இழைகளைப் பிணைத்துவிடுகிறது. காற்றில் அசையாமல் தொங்கும் துண்டில் இத்தகைய பிணைப்புகள் எண்ணற்றவை உண்டாகும். துண்டு அட்டையாவது இப்படித்தான்.

பிணைப்பு இலேசானது என்பதால் அதைக் கையாலேயே உடைக்கலாம். ஈரத் துண்டை நன்றாக உதறிக் கொடியில் போடுவது, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துவது, காய்ந்ததும் இரு கைகளாலும் கசக்கி மறுபடி உதறுவது ஆகியவை பெரும்பகுதி விறைப்பைப் போக்கிவிடும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் துண்டு மென்மையாக வருவதற்கும் காரணம் அதுதான். அங்கே துணி இடைவிடாமல் புரண்டுகொண்டே உலர்வதால் பிணைப்பு உண்டாக இடமில்லை.

விறைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. அளவுக்கு மேல் சலவைத் தூள் போட்டுச் சரியாக அலசாவிட்டால், மிச்சம் துணியிலேயே காய்ந்துவிடும். இன்னொரு காரணம் நீர். ஈப்போவைச் சுற்றிக் கிந்தாப் பள்ளத்தாக்கில் நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளைக் காணாதவர் இல்லை. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறிவரும் கிணற்று நீரில் கால்சியம் மிகுந்திருக்கும். கட்டிச் சவர்க்காரத்தோடு அது சேர்ந்தால் நுரை வராது; வெண்மையான கசடு துணியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். இத்தகைய நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் மென்மையாக்கியை ஊற்றுவது கசட்டின்மேல் கொழுப்பைப் பூசுவதாகவே முடியும். கட்டிச் சவர்க்காரத்திற்குப் பதிலாகக் கடின நீரிலும் வேலை செய்யும் சலவைத் தூளுக்கு மாறுவதே அங்கே பொருத்தம்.

விளம்பரங்கள் கூறும் இன்னொரு நன்மை, துணியில் நிலைமின்சாரம் உண்டாவதை மென்மையாக்கி தடுக்கும் என்பது. குளிர்நாடுகளில் அது பெரும் தொல்லைதான். குளிர்காலக் காற்று வறண்டிருக்கும். நைலான் துணி உடலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டையைக் கழற்றும்போது ‘பட்பட்’டென்று பொறி தெறிக்கும். மலேசியாவிலோ காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. ஈரக்காற்று மின்னூட்டத்தைத் தங்கவிடாது. குளிரூட்டி ஓடும் அறையில் சிறிது உணரப்படலாம். மற்றபடி இந்த நன்மைக்காக ஈப்போவாசிகள் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

கொழுப்புப் படலத்தால் தீமையே விளையும் துணிகளும் உண்டு. முதலில் சொல்ல வேண்டியது துண்டுதான். கொழுப்பும் நீரும் ஒட்டா என்பது அனைவரும் அறிந்ததே. ஒவ்வொரு சலவையிலும் மென்மையாக்கி ஊற்றினால், துண்டு தொடுவதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் உடலைத் துவட்டினால் ஈரம் போகாது. குழந்தைகளுக்குக் கட்டும் துணி அணையாடைக்கும் கண்ணாடி துடைக்கும் நுண்ணிழைத் துணிக்கும் இதே கதிதான். விளையாட்டு உடைகள் வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும்படி நெய்யப்பட்டவை. படலம் படிந்தால் அந்த வேலை தடைபடும்; வியர்வையின் எண்ணெய்ப் பசையும் சரியாக வெளியேறாமல் தங்கிவிடும். மோட்டார்சைக்கிளில் செல்வோர் அணியும் மழைச்சட்டையில் நீர் உருண்டோட வேண்டும். அதற்கும் மென்மையாக்கி ஆகாது.

இவற்றைவிடக் கவனம் வேண்டியது தீ. துண்டுத்துணி, பஞ்சுபோல் மேல்நூல் எழுப்பிய பருத்தித் துணி ஆகியவற்றின் மேற்பரப்பில் நுண்ணிழைகள் நிமிர்ந்து நிற்கும். இழைகளுக்கிடையே காற்று இருப்பதால் இத்துணிகள் இயல்பாகவே எளிதில் பற்றக்கூடியவை. அவற்றின்மேல் கொழுப்புப் படலமும் சேர்ந்தால் தீ இன்னும் விரைவாகப் பரவும். எளிதில் தீப்பற்றாதபடி பதப்படுத்தப்பட்ட குழந்தைகளின் இரவு உடையில், மென்மையாக்கி பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பு சீட்டிலேயே தைக்கப்பட்டிருப்பது வழக்கம். அப்பதப்படுத்தலின் பயனை அது குறைத்துவிடும். தீபாவளி, கார்த்திகை நாள்களில் வாசலிலும் படிகளிலும் அகல்விளக்கு ஏற்றும் வீடுகளில், சிறுவர்கள் என்ன துணி உடுத்தியிருக்கிறார்கள் என்பதோடு அது எப்படித் துவைக்கப்பட்டது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

பேரனுக்குப் பிடித்த வாசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈப்போவில் பிற்பகல் இடிமழை புதிதன்று. காலையில் காயப்போட்ட துணி மாலையில் மறுபடி நனைவதும், அடுக்குமாடி வீடுகளில் துணி உள்ளேயே இரண்டு நாள் தொங்குவதும் உண்டு. அப்போது எழும் முடைநாற்றத்திற்கு ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரிகளே காரணம். ‘மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ்’ என்னும் பாக்டீரியா இந்நாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். துணி காய்ந்த பின்னும் அது முற்றாக அழிவதில்லை. மறுபடி ஈரம் பட்டதும் நாற்றமும் திரும்பி வருகிறது. காலையில் மணமாக இருந்த பள்ளிச் சட்டை நண்பகலில் வியர்த்ததும் நாறுவது இதனால்தான். மென்மையாக்கியின் நறுமணம் நாற்றத்தை மறைக்கும்; அதன் மூலத்தை நீக்காது. துவைத்த துணியை இயந்திரத்திலேயே மணிக்கணக்கில் விட்டுவைக்காமல் உடனே எடுத்து உலர்த்துவதும், துணி தாங்குமானால் வெந்நீரில் துவைப்பதும், நேரடி வெயிலில் காயவைப்பதும்தான் மூலத்தைத் தாக்கும் வழிகள். ‘வெயிலில் காயப்போட்டால் போதாதா’ என்ற பாட்டியின் கேள்விக்கு இந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

நறுமணம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதுமில்லை. சிலருடைய தோல் சிவந்து அரிக்கும். ஈளைநோய் உள்ளவர்களுக்குக் கடும் மணம் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. துணி நாள் முழுவதும் அதன்மேல் உராய்கிறது. ஆகவே குழந்தையின் உடை, படுக்கை விரிப்பு, தொட்டில் கட்டும் சேலை ஆகியவற்றை மணமற்ற சவர்க்காரத்தால் துவைத்து நன்கு அலசினாலே போதும். புட்டியில் குழந்தைப் படம் இருப்பது விற்பனைக்கு உதவும். குழந்தைக்கு அந்தப் பொருள் தேவை என்பதற்கு அது சான்றாகாது. சில வகைகளில் மணம் பல நாள் நீடிப்பதற்காக நறுமண எண்ணெயை நுண்ணிய நெகிழி உறைகளுக்குள் அடைத்துச் சேர்க்கின்றனர். துணி உராயும்போது உறை உடைந்து மணம் வெளிப்படும். அலசும்போது இவ்வுறைகளில் பல நீரோடு வெளியேறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்நெகிழிக் கட்டுப்பாட்டில் இவையும் அடங்கும்; மாற்று வழி காண உற்பத்தியாளர்களுக்கு 2029 வரை அவகாசம் தரப்பட்டுள்ளது.

அப்படியானால் மென்மையாக்கியால் பயனே இல்லையா? உண்டு. இழைகள் வழுக்கிச் செல்வதால் துணியில் சுருக்கம் குறையும். இஸ்திரி போடுவது எளிதாகும். காலையில் ஐந்து பேருக்குச் சட்டை தேய்க்கும் தாய்க்கு இது சிறிய உதவியன்று. உராய்வு குறைவதால் சில துணிகள் நூல் திரளாமல் நீண்ட நாள் உழைக்கும். தடித்த பருத்திப் போர்வை, பலமுறை துவைத்துச் சொரசொரத்துப்போன சட்டை, முதியவர்களின் தோலை உறுத்தும் உடை ஆகியவற்றுக்கு எப்போதாவது சிறிதளவு சேர்ப்பதில் தவறில்லை. அளவுதான் முக்கியம். மூடியில் கோடிட்ட அளவுக்கு மேல் ஊற்றினால் மென்மை கூடாது. துணியில் எண்ணெய்த் திட்டுகள் விழும். இயந்திரத்தின் குழியிலும் தொட்டியின் பின்புறத்திலும் பிசுக்கு படிந்து, அதில் பூஞ்சை வளரும். துணிக்கு மணமூட்டப் போய் இயந்திரமே நாறும் நிலை பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது.

மென்மையாக்கிக்குப் பதிலாகக் கடைசி அலசலில் சிறிது வெள்ளை வினிகர் ஊற்றுவோர் உண்டு. அது துணியில் தங்கிய காரத் தன்மையுள்ள சவர்க்கார மிச்சத்தையும் சுண்ணாம்புப் படிவையும் கரைக்கும். படலம் எதையும் விடாது. துண்டுகளுக்கு இது ஏற்றது. எனினும் அடிக்கடி ஊற்றினால் இயந்திரத்தின் ரப்பர் வளையங்கள் கெடலாம் எனச் சில உற்பத்தியாளர்கள் எச்சரிக்கின்றனர். குளோரின் கலந்த வெளுப்பானோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. அவை கலந்தால் நச்சுத் தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிவரும். இன்றும் சிறுதோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் புட்டியில் இருக்கலாம். மலாயில் ‘சுக்கா கெத்தா’ என்று, அதாவது ரப்பர் வினிகர் என்று, அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுச் சமையல் வினிகர் என்று எண்ணிவிடக் கூடாது. தோலையும் கண்ணையும் சுட்டுப் புண்ணாக்கும் அமிலம் அது. சலவைக்கு அருகில்கூட அதை வைக்கலாகாது.

ஈப்போவின் புந்தோங் போன்ற குடியிருப்புகளிலும் பட்டணத்துக் கடைவரிசைகளிலும் சுயசேவை டோபிகள் பெருகிவிட்டன. ‘டோபி’ என்னும் இந்திய மொழிச் சொல், சலவைத் தொழிலாளர்களோடு கடல் கடந்து வந்து மலாய் மொழியில் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் அவர்கள் துணி வெளுத்த இடம் ‘டோபி காட்’ என்ற பெயரில் இன்று ஒரு பெருவிரைவு இரயில் நிலையமாக இருக்கிறது. சுயசேவைக் கடைகள் பலவற்றில் சலவைத் திரவமும் மென்மையாக்கியும் இயந்திரத்திற்குள் தாமாகவே சென்று கலக்கின்றன. தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் காசு போடுவதற்கு முன்பே, மென்மையாக்கியைத் தவிர்க்கும் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு முறை பூசப்பட்டது அடுத்த முறை அலசினால் உடனே போய்விடாது.

வீட்டில் உள்ள துண்டில் எவ்வளவு படலம் ஏறியிருக்கிறது என்பதை எளிதில் சோதிக்கலாம். உலர்ந்த துண்டை மேசையில் விரித்து, அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு உடனே உள்ளிறங்கிப் பரவினால் துண்டு நன்றாக இருக்கிறது. முத்துப்போல் சிறிது நேரம் மேலேயே நின்றால், அதில் கொழுப்பு தங்கியிருக்கிறது என்று பொருள். அதற்காகத் துண்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மென்மையாக்கி சேர்க்காமல் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் படலம் மெல்ல மெல்ல நீங்கி, துண்டு மீண்டும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும்.